மதகடி மர்மமும் டெய்லர் சென்னகிருஷ்ணனும்

இன்ஸ்பெக்டர் திருமலைசாமி ரிட்டயர் ஆன மறுநாள் காலை எழுந்தார், பல் விளக்கினார், காப்பி குடித்தார், பால் ஊற்ற வந்தவரிடம் முந்தின நாள் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் எங்கே இருந்தாய் என்று கேட்டார். பால்காரர் சாது. எருமை கறந்துகொண்டிருந்ததாகச் சொன்னார். அதற்குச் சாட்சி உண்டா என்று அடுத்த கேள்வி வந்தது. எருமைதான் உண்டு என்றார். மறுநாளிலிருந்து அந்த வீட்டுக்குப் பால் ஊற்ற வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

இது தொண்ணூற்று மூன்றாம் வருஷம், வைகாசி மாதத்துக் கதை. ஈரோட்டுக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்தில் இருக்கிற ஊஞ்சக்காட்டில் அந்த மாதம் யாரும் அவர் வீதி வழியாக நிம்மதியாக நடக்கவில்லை. அவருக்கும் நிம்மதி இல்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடப்பார். உட்கார்ந்தால் கால் ஆடும். காலை நிறுத்தினால் விரல் தாளம் போடும். வீட்டில் ஒரு டம்ளர் காணாமல் போனதற்கு அவர் தன் மனைவி பங்காரம்மாவைக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை விசாரித்து, இரண்டு பதில்களுக்கும் இடையே உள்ள முரண்பாட்டைக் குறித்து வைத்தார் என்று பேச்சு. டம்ளர் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. அதற்கப்புறமும் வழக்கை அவர் முடிக்கவில்லை.

"ஏனுங்க," என்றாள் பங்காரம்மா, "முப்பத்தோரு வருசம் எழுதுன கை. சும்மா இருந்தா நடுங்கத்தான் செய்யும். எதையாச்சும் எழுதிப்போடுங்க. என்னைய உட்டுருங்க."

பங்காரம்மா சொன்னதில் விஷயம் இருந்தது. திருமலைசாமி துப்பாக்கி பிடித்து யாரும் பார்த்ததில்லை. துரத்திப் பிடித்ததும் கிடையாது. அவருடைய பெயரெல்லாம் ஒப்புதல் வாக்குமூலத்தில் சம்பாதித்தது. போலீசாரிடம் ஒருவன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் கோர்ட்டில் செல்லாது. ஆகவே நம் பக்கத்தில் குற்றம் செய்தவர்கள் அத்தனை பேரும், மனசாட்சி உறுத்தி, தாமாகவே நடந்து போய், கிராம நிர்வாக அதிகாரியான வி.ஏ.ஓ.விடம் ஒப்புக்கொள்வது வழக்கம். தாமாக நடந்து போனவர்களின் உள்ளங்கால் எதனால் வீங்கியிருந்தது என்று யாரும் கேட்டதில்லை. அவர்கள் வி.ஏ.ஓ.விடம் சொன்னதெல்லாம் முந்தின நாளே திருமலைசாமியின் கையெழுத்தில் தயாராக இருந்ததையும் யாரும் கேட்டதில்லை. அந்த எழுத்து அப்படிப்பட்ட எழுத்து. வாசிக்கக் கேட்டுத் திருடர்களே கண் கலங்கினார்கள். தாங்கள் செய்த வேலைக்குப் பின்னால் இத்தனை காரணமும் இத்தனை வேதனையும் இருந்தது அவர்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். டி.ஐ.ஜி. கையால் வாங்கிய நற்சான்றிதழ் ஒன்று, கண்ணாடி போட்டு, அவர் வீட்டு முன்னறையில் தொங்கியது.

இப்படித்தான் திருமலைசாமி துப்பறியும் கதை எழுதப் புகுந்தார். பத்து நாளில் ஒரு நாவலை முடித்து, எடுத்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினார். டவுன்ஹால் பக்கம் ஒரு அச்சகத்து மாடியில் 'செவ்வாய்ச் சுடர்' என்ற வாரப் பத்திரிகை இருந்தது. அதன் உதவி ஆசிரியர் விமலாராணி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை தவிர மற்ற நேரமெல்லாம் புரூஃப் திருத்துகிற பெண்மணி. படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"சார், ரெண்டாவது அத்தியாயத்துலயே கொலைகாரன் தானாப் போய் வி.ஏ.ஓ. கிட்டே ஒத்துக்கறானுங்களே?"

"ஆமாங்க அம்மணி. அப்பத்தானே கேசு நிக்கும்?"

"மிச்சம் பதினெட்டு வாரம் வாசகர் எதைப் படிக்கறதுங்க?"

"சாட்சி விசாரணை இருக்குதுங்களே. சம்பவ இடத்துல எழுதற மகஜர் இருக்குது. ஆயுதம் கைப்பத்தறது நாலு பக்கம் வருதுங்க."

விமலாராணி பொறுமைசாலி. கதையில் போலீசுக்கு யார் குற்றவாளி என்று கொஞ்ச காலமாவது தெரியாமல் இருக்க வேண்டும் என்பதை அவருக்குப் புரியவைக்க மூன்று சந்திப்புகள் ஆயின. தெரியாமல் இருப்பது அவருக்குக் கஷ்டமில்லை. தெரியாது என்று எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. ஆவணி மாதத்தில் 'மதகடி மர்மம்' என்ற தொடர்கதை ஆரம்பமாயிற்று. வாய்க்கால் மதகில் ஒரு மஞ்சள் தரகரின் பிரேதம் ஒதுங்குகிறது. கொன்றது யார்? ஒன்பது வாரம் யாருக்கும் தெரியாது. பத்தாவது வாரம் ஒரு தையல்காரர், மனசாட்சி உறுத்தி, தாமாகவே நடந்து...

வி.ஏ.ஓ.வை விட்டுக்கொடுக்க அவர் கடைசி வரை சம்மதிக்கவில்லை.

தவறு நேர்ந்தது அந்தப் பத்தாவது வாரத்தில்தான். வேறு எந்த எழுத்தாளரும் செய்ய முடியாத தவறு. கதாசிரியர்கள் கொலைகாரனுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு மேலே போய்விடுவார்கள். திருமலைசாமியால் முடியவில்லை. தகப்பனார் பெயர், வயது, கதவு எண், அங்க அடையாளம் இல்லாமல் ஒரு குற்றவாளியை எழுத அவர் கை ஓடாது. கற்பனையாக ஒரு தகப்பனார் பெயரை எழுதினால் பொய் சொல்கிற மாதிரி மனசு அடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். எதிர்க் கடையில் டெய்லர் சென்னகிருஷ்ணன் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

சென்னகிருஷ்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நம்ம பேரு புஸ்தகத்துல வருதுங்களா?" என்று தகப்பனார் பெயரைச் சொன்னார், கதவு எண்ணைச் சொன்னார், சட்டையைத் தூக்கி விலாவில் இருந்த மச்சத்தைக் காட்டினார். "வயசை மட்டும் முப்பத்தெட்டுன்னு போட்டுருங்க" என்று ஒரு திருத்தம் கேட்டார். அதை மட்டும் திருமலைசாமி ஏற்கவில்லை. ஆவணத்தில் தவறான தகவல் தருவது குற்றம்.

பத்திரிகை வந்த செவ்வாய்க்கிழமை சென்னகிருஷ்ணன் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கடைச் சுவரில், அளவு நாடா தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டினார். துணி கொடுக்க வந்த பெண்டுகளுக்கெல்லாம் படித்துக் காட்டினார். "கொன்னது நாந்தானுங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அப்படியே, பேன்ட் இடுப்பைப் பிடித்துத் தரச் சொல்லி வந்த சப்-இன்ஸ்பெக்டர் மயில்சாமிக்கும் படித்துக் காட்டினார்.

இங்கே மயில்சாமியின் கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். சின்ன வயசு. இரண்டு வாரத்தில் டி.ஐ.ஜி. இன்ஸ்பெக்‌ஷன். ஸ்டேஷனில் எல்லாக் கணக்கும் நேராக இருந்தது, ஒன்றைத் தவிர. போன பங்குனியில் நிஜமாகவே அதே மதகில் ஒரு ஆண் பிரேதம் ஒதுங்கியது. ஆள் யார் என்று தெரியவில்லை, எப்படிச் செத்தான் என்றும் தெரியவில்லை. 'துப்புத் துலங்கவில்லை' என்ற கட்டத்தில் அது ஒன்று மட்டும் முள் மாதிரி நின்றது. மயில்சாமி பேன்ட்டை மறந்தார். சுவர்ப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். சட்டையைத் தூக்கச் சொன்னார். மச்சம் இருந்தது.

அன்று மத்தியானமே சென்னகிருஷ்ணன், மனசாட்சி உறுத்தி, தாமாகவே நடந்து போய் வி.ஏ.ஓ.விடம் ஒப்புக்கொண்டுவிட்டார். பெயர் தெரியாத பிரேதத்துக்கும் ஒரு வழி பிறந்தது. அது மஞ்சள் தரகர் என்று பதிவேட்டில் ஏறியது.

தீபாவளிக்கு இருபது நாள்தான் பாக்கி. வீதியில் பதினோரு வீட்டு ஜாக்கெட்டுகள் கை வைக்காமல் கிடந்தன. சென்னகிருஷ்ணன் மனைவி மாசாணியம்மாள் நேராகத் திருமலைசாமி வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஜாக்கெட்டுக்குச் சொந்தக்காரிகள்.

"ஏனுங்க பங்காரக்கா, உங்க ஊட்டுக்காரருக்கு நாங்க என்னங்க கெடுதல் பண்ணுனோம்? ஒரு ஓட்டை பட்டன் வெச்சுருப்பமா? கொழந்தையாட்டம் மனுசனுங்க அது. கத்தரிய எடுத்தா துணியத் தவுர ஒண்ணும் வெட்டத் தெரியாது. கொலைகாரன்னு எழுதிக் குடுத்துப்போட்டாருங்களே!"

"கதைதான் கண்ணு அது," என்றாள் பங்காரம்மா பலவீனமாக.

"கதைன்னா மச்சம் எதுக்குங்க?"

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த திருமலைசாமி சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். பொதுஜனங்கள் உட்காரும் பெஞ்சில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அதற்கு ஒரு கால் குட்டை என்பது முப்பத்தோரு வருஷம் அவருக்குத் தெரியாமலே போயிருந்தது.

மயில்சாமி எழுந்து நின்று வரவேற்றார். "ஐயா எழுதுனதுல ஒரு வரி மாத்தலீங்க. கமாவைக்கூட அப்படியே வெச்சுப்போட்டேன். எங்க பேட்ச்ல எல்லாரும் ஐயாவோட வாக்குமூலத்தைப் பாத்துத்தான் எழுதப் படிச்சோம்."

"தம்பி, அது கற்பனைங்க."

"எல்லாக் கேசும் மொதல்ல கற்பனையாத்தானுங்களே இருக்குது? கோர்ட்டுக்குப் போயி நம்பர் விழுந்தா உண்மையாயிப் போகுது."

"அந்த டெய்லரு ஒரு பாவமும் அறியாதவருங்க. நான் ஜன்னல்ல பாத்துப் பேர் வெச்சேன்."

மயில்சாமி சிரித்தார். பெரியவர்களின் அடக்கத்தை ரசிக்கிற சிரிப்பு. "ஐயா சர்வீஸ்ல எத்தனை பேரை ஜன்னல்ல பாத்தீங்க? ஒருத்தராவது விடுதலை ஆனாங்களா? ஐயா கைராசி அப்படீங்க."

கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சென்னகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் வேறு யாரோ மாதிரி இருந்தார். கோபம் எதுவும் இல்லை. "ஏனுங்க," என்று மெதுவாகக் கேட்டார், "அடுத்த வாரம் எனக்கு என்னாகுதுங்க?"

திருமலைசாமிக்கு அடுத்த வாரம் என்ன ஆகும் என்று தெரியும். எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வாய்க்கால் மேட்டில் ஒரு புதருக்கடியிலிருந்து கத்தரிக்கோலைச் சென்னகிருஷ்ணனே எடுத்துக் கொடுப்பார்.

வீட்டுக்கு வந்தவர் மூன்று நாள் நடந்தார். சோறு எடுத்து வைத்தால் இரண்டு வாய் நின்றபடி உண்டுவிட்டுத் திரும்பவும் நடந்தார். நற்சான்றிதழ் தொங்கும் சுவர் வரைக்கும் போவார், திரும்புவார். டெய்லரை வெளியே கொண்டுவர ஒரே வழிதான் அவருக்குத் தோன்றியது. தான் எழுதியது அத்தனையும் பொய் என்று நிரூபிக்க வேண்டும். நாவலில் எழுதினது மட்டும் பொய் என்று சொன்னால் எவனும் நம்பமாட்டான். அதே கை, அதே நடை, அதே வி.ஏ.ஓ. அப்படியானால் மீதி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் முப்பத்தோரு வருஷம் போய்விடும், கண்ணாடிச் சட்டம் போய்விடும். போனால் போகிறது என்று அவ்வளவு சுலபமாக அவருக்கு வரவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மாசாணியம்மாள் ஒரு தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போவதை ஜன்னலில் பார்த்தார். உட்கார்ந்து எழுதினார். தன் சர்வீஸில் தயாரித்த இருநூற்றுப் பதினான்கு ஒப்புதல் வாக்குமூலங்களும் தானே இட்டுக்கட்டியவை என்று, யாரும் அடிக்காமல், யாரும் மிரட்டாமல், நாலு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுதி முடித்தபோது அவருடைய காலே ஆடவில்லை என்று பங்காரம்மா பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள்.

அதை எடுத்துக்கொண்டு டி.எஸ்.பி.யைப் பார்க்கப் போனார். டி.எஸ்.பி. இலக்கிய ஆர்வம் உள்ளவர். நாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். சிவப்பு மையில் இரண்டு இடத்தில் கோடு போட்டார்.

"திருமலைசாமி, உங்க மத்த எழுத்து மாதிரி இது வரலீங்க," என்றார். "நம்பும்படியா இல்லை. பாருங்க, ஆரம்பத்துலயே விழுது. 'நானாக முன்வந்து, முழு மனதுடன் உண்மையைச் சொல்கிறேன்'ங்கறீங்க. இருபத்தாறு வருசம் டிபார்ட்மெண்டுல இருக்கேன், தானா முன்வந்து உண்மை சொன்னவனை ஒருத்தனை நான் பாத்ததில்லை. எவன் நம்புவான்?"

"நெசமாவே நானா வந்துதான் சொல்றனுங்க ஐயா."

"அதுதான் சொல்றேன். நிஜமா வந்தவன் இப்படித் திணறமாட்டான். உங்க பழைய வாக்குமூலங்க எவ்வளவு சரளமா இருக்கும்! அதுல வர்ற குத்தவாளிகளுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கும். இதுல 'சரியாக நினைவில்லை'ன்னு ஏழு இடத்துல வருது. பொய் சொல்றவனுக்குத்தான் நினைவு இருக்காது." காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். "இன்னொண்ணுங்க. இது உண்மைன்னு வெச்சா, உங்களுக்கு நற்சான்றிதழுக்குச் சிபாரிசு பண்ணுன நான் யாரு? தண்டனை குடுத்த ஜட்ஜுங்க யாரு? உள்ளே இருக்கறவங்க யாரு? எத்தனை பேரோட மனசு நோகும்? டிபார்ட்மெண்டு ஒரு குடும்பங்க. குடும்பத்துல ஒருத்தரு திடீர்னு உண்மை பேசறதுன்னா மத்தவங்க கிட்ட ஒரு வார்த்தை கலந்துக்கணுமில்ல? நீங்க எழுத்தாளராயிட்டீங்க, அதான் உணர்ச்சிவசப்படறீங்க. இதையே அடுத்த தொடரா எழுதுங்க. நான் முன்னுரை தர்றேன்."

திருமலைசாமி சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார். சல்யூட் தேவையில்லை, ஆனால் கை போய்விட்டது. பஸ்ஸில் உட்கார முடியாமல், காலி சீட் இருக்க, கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார். பஸ் வாய்க்கால் பாலத்தின்மேல் ஏறியது. கீழே மதகு. இந்தக் கரை ஊஞ்சக்காட்டு ஸ்டேஷன் எல்லை. அந்தக் கரை வேறு ஸ்டேஷன், வேறு சர்க்கிள், வேறு டி.எஸ்.பி. அப்போதுதான் அவருக்குத் தன் தொழில் ஞாபகத்துக்கு வந்தது.

வாய்க்காலோரத்து ஸ்டேஷன்களில் வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும். பிரேதம் ஒதுங்கினால் முதலில் தேடுவது டாக்டரை அல்ல, மூங்கில் கழியை. இந்தக் கரைக்காரர்கள் மெதுவாக அந்தக் கரைக்குத் தள்ளிவிடுவார்கள். அவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து இந்தக் கரைக்குத் தள்ளுவார்கள். கழிக்கு எட்டாத தூரத்தில் சிக்கிக்கொண்டால் தலை எந்தக் கரைப் பக்கம் இருக்கிறதோ அந்த ஸ்டேஷன் கேசு என்று ஒரு எழுதாத சட்டம். திருமலைசாமியே எழுபத்து நாலில் ஒரு பிரேதத்தை இப்படி இரண்டு நாள் தள்ளியிருக்கிறார். உண்மையை டிபார்ட்மெண்டு நம்பாது. பொய்யையும் ஆராயாது. ஆனால் எல்லைக்கு மட்டும் அது கட்டுப்படும்.

மறு பஸ்ஸில் கோயமுத்தூர்.

"சார், அத்தியாயம் அச்சுக் கோத்தாச்சுங்க!" என்றாள் விமலாராணி. "கத்தரிக்கோல் எடுக்கற இடம். படம்கூட வரைஞ்சாச்சு."

"அதை எடுத்துப்போடுங்க அம்மணி. சர்வேயரு வாராரு."

"எந்த சர்வேயர்? கதையில சர்வேயரே இல்லீங்களே!"

"இந்த வாரம் வாராருங்க. ஒரு மனுசனோட உசுரு இதுல இருக்குது. உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன்."

விமலாராணி அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு போலீஸ்காரர் கும்பிட்டு அவள் அதுவரை பார்த்ததில்லை. மேஜையைக் காட்டினாள். அங்கேயே நின்றபடி எழுதினார். பதினொன்றாவது அத்தியாயத்தில் சங்கிலியோடும் புலப்படத்தோடும் ஒரு சர்வேயர் வந்தார். ஆறு பக்கம் அளந்தார். கொலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முடிவில், பிரேதத்தின் தலை வாய்க்காலின் நடுக்கோட்டைத் தாண்டிப் பதினோரு அங்குலம் அக்கரையில் இருந்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குப் பத்திரிகை ஊஞ்சக்காட்டுக்கு வந்தது. பதினொன்றரைக்குச் சென்னகிருஷ்ணன் வெளியே வந்தார்.

மயில்சாமி தாமே கூட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் விட்டார். எதிர் வாசலில் நின்ற திருமலைசாமியைப் பார்த்ததும் அவர் முகம் ஐப்பசி வெயிலில் பளபளத்தது. "ஐயா பெரிய உபகாரம் பண்ணிப்போட்டீங்க. கண்டுபிடிச்சாக் கணக்குல ஒண்ணு ஏறும், அவ்வளவுதான். எல்லை மாறுனா கட்டமே காலியாயிடுதுங்க. ஃபைலை அக்கரைக்கு அனுப்பிப்போட்டேன்."

"இவரு நிரபராதின்னு எழுதியிருக்கீங்களா தம்பி?"

"எதுக்குங்க? நம்ம எல்லையில கொலையே நடக்கலியே."

மாசாணியம்மாள் யாரையும் பார்க்காமல் புருஷனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். ஜாக்கெட்டுக்காரிகள் சாயங்காலம் வரை பொறுத்துவிட்டுப் பிறகு கதவைத் தட்டினார்கள். சென்னகிருஷ்ணன் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். கால் சரியாக ஊன்ற முடியாததால் மிதி நின்று நின்று ஓடியது. சுவரில் ஒட்டியிருந்த பக்கத்தை மாசாணியம்மாள் தண்ணீர் தெளித்துச் சுரண்டினாள். எதிர் வீட்டு ஜன்னலில் திருமலைசாமி நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சென்னகிருஷ்ணன்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பங்குனியில் நிஜமாகச் செத்துப்போனவன் யார் என்பது அன்றைக்கும் யாருக்கும் தெரியாது, கேட்டவர்களும் கிடையாது.

வியாழக்கிழமை காலையில் வீட்டு போன் அடித்தது. பங்காரம்மா எடுத்து, "அக்கரை எஸ்.ஐ.ங்களாம், உங்களைத்தான் கேக்கறாங்க" என்று நீட்டினாள்.

"ஐயாவுக்கு வணக்கமுங்க," என்றது குரல். இளசு, பணிவு. "நான் ஐயாவோட வாசகனுங்க. ஃபைலு வந்துச்சுங்க. எங்களுக்கும் திங்கக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனுங்க ஐயா. ஒரு சின்னச் சங்கடமுங்க. பிரேதம் எங்க கரையில, அக்யூஸ்டு உங்க கரையில. அந்த டெய்லரைக் கூப்புட்டுக்கறதுன்னா மயில்சாமிகிட்ட எழுதிக் கேக்கோணும், அவங்க டி.எஸ்.பி. எங்க டி.எஸ்.பி.க்கு எழுதோணும். அதுக்குள்ள பொங்கலே வந்துருமுங்க."

"அதுக்கு நான் என்னங்க தம்பி பண்றது?"

"ஐயா பெரிய மனசு பண்ணி, அடுத்த வாரம் கொலைகாரனை மட்டும் மாத்தி எழுதிக் குடுத்துருங்க. யாரா இருந்தாலும் எனக்குச் சம்மதமுங்க. எங்க எல்லையில குடியிருக்கற ஆளா மட்டும் இருந்தாப் போதும். மிச்சத்தை நாங்க பாத்துக்கறோமுங்க."

திருமலைசாமி ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் கிடந்த காகிதத்தை இழுத்து வைத்துப் பேனா மூடியைத் திறந்தார்.

"தம்பி எங்க குடியிருக்கீங்க?"

"ஸ்டேஷனுக்குப் பின்னாடியே குவார்ட்டர்ஸுங்க ஐயா."

"எல்லைக்குள்ளதானுங்களே?"

"நடு எல்லைங்க."

"நல்லதுங்க. உங்க பேரு என்னங்க?"

கதையின் முடிவில் நன்றி சொல்லித் தன் பெயரையும் போடப்போகிறார் என்று நினைத்துக்கொண்ட அந்தப் பிள்ளை, இனிஷியலோடு, சந்தோஷமாக, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னது.